மேலவீட்டுக் குடும்பம்: உகாண்டா (கம்பாலா) பயண விஷயம்

செல்வி அக்கா: அப்பா, அம்மா, கமலா அத்தை மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. 29 ஆம் தேதி கிளம்புகிறீர்கள். ஜனவரி முதல் வாரம் லேக் எம்புரோ தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், இரண்டு ராத்திரி. லாட்ஜுக்கு இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். யார் எந்த அறை?

பெரியப்பா: சிங்கம் உண்டா

செல்வி அக்கா: சிங்கக் கூட்டம் எல்லாம் கிடையாது அப்பா

பெரியப்பா: யானை

செல்வி அக்கா: அதுவும் இல்லை

பெரியப்பா: பிறகு எதற்கு

கார்த்தி: பெரியப்பா, ஆப்பிரிக்கா வரை போய் மான் பார்த்துவிட்டு வாருங்கள். வண்டலூருக்குப் பஸ் செலவு மிச்சம்

செல்வி அக்கா: நீ சும்மா இரு கார்த்தி

பாலாஜி அத்தான்: மாமா, சிங்கமும் யானையும் வேண்டுமென்றால் மர்ச்சிசன் ஃபால்ஸ் போக வேண்டும். அது இந்த நாட்டிலேயே பெரிய பூங்கா. நாள் முழுக்க காரை விட்டு இறங்க முடியாது, உங்கள் முட்டி தாங்காது. எம்புரோ நாலு மணி நேரப் பயணம், தார் ரோடு. சிங்கம் இல்லாததால்தான் அங்கே இறங்கி நடக்கலாம். துப்பாக்கியோடு ரேஞ்சர் கூட வருவார்.

பெரியம்மா: சிங்கம் இல்லை என்றால் துப்பாக்கி எதற்கு மாப்பிள்ளை?

பாலாஜி அத்தான்: காட்டெருமை, நீர்யானை இருக்கின்றன அத்தை. சிறுத்தையும் உண்டு, ஆனால் கண்ணில் படுவது அபூர்வம்.

பெரியம்மா: முருகா

முத்து சித்தப்பா: எனக்கு இந்தப் பயணம் பற்றி இப்போதுதான் தெரிகிறது. போகட்டும். தகவலுக்காக எழுதுகிறேன். இந்தப் பூங்கா சுமார் 370 சதுர கிலோமீட்டர்தான். மர்ச்சிசனில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் இம்பாலா மானுக்கு உகாண்டாவில் இதுதான் பேர் போன இடம். வரிக்குதிரை கூட்டம் கூட்டமாக நிற்கும். மாடு அளவுக்கு வளரும் ஈலண்ட் மான் உண்டு. பூங்காவுக்குள் ஐந்து ஏரிகள், நடுவில் பாப்பிரஸ் கோரை அடர்ந்த சதுப்பு நிலம். ஒட்டகச்சிவிங்கி முன்பு அங்கே இல்லை, 2015இல் மர்ச்சிசனிலிருந்து 15 கொண்டுவந்து விட்டார்கள். வேல மரங்கள் பெருகிப் புல்வெளியை மூடிக்கொண்டிருந்தன, இவை அந்த இலையைத்தான் தின்னும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கார்த்தி: சித்தப்பா, பாடம் முடிந்ததா, மணி அடிக்கலாமா

முத்து சித்தப்பா: முடியவில்லை. 1933இல் அது வேட்டைக் கட்டுப்பாட்டுப் பகுதி. 1963இல் சரணாலயம். 1983இல் தேசியப் பூங்கா என்று அறிவித்து, அங்கே காலம் காலமாக மாடு மேய்த்தவர்களை வெளியேற்றினார்கள். ஒழுங்கான இழப்பீடு கிடையாது. ஆட்சி மாறியதும் ஜனங்கள் திரும்பி வந்துவிட்டார்கள். கடைசியில் அரசாங்கமே பூங்காவைச் சுருக்கி, ஒரு பகுதி நிலத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

கமலா அத்தை: நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்களா

கமலா அத்தை: பரவாயில்லையே. அந்த நாட்டில் கூட முடிந்திருக்கிறது

திவ்யா: ஐயோ

முத்து சித்தப்பா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

கமலா அத்தை: அழித்தாலும் படித்துவிட்டேன் முத்து

பெரியம்மா: செல்வி, புளிக்காய்ச்சல் எவ்வளவு கொண்டுவரட்டும்?

செல்வி அக்கா: ஒரு கிலோ போதும் அம்மா. கண்ணாடி பாட்டிலில் வேண்டாம்

பாலாஜி அத்தான்: அத்தை, மோர்மிளகாயும்

அப்பா: [இனிய காலை வணக்கம் படம்]

கார்த்தி: அப்பா, இப்போது மாலை ஐந்து

திவ்யா: எல்லாரும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா? அது இல்லாமல் என்டெபி ஏர்போர்ட்டில் உள்ளே விட மாட்டார்கள். திரும்பி வரும்போது இங்கேயும் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரைக்கும் தனியாக அடைத்து வைத்துவிடுவார்கள்.

பெரியப்பா: எங்கே போடுவது

திவ்யா: கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். பாஸ்போர்ட் கையில் வேண்டும். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் 18க்குள் போட்டாக வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆனால் 60 தாண்டியவர்கள் முதல்முறை போடும்போது பக்கவிளைவு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். நம் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். முட்டை அலர்ஜி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

கமலா அத்தை: எனக்கு முட்டை ஆகாது

திவ்யா: உடம்புக்கு ஆகாதா, சாப்பிடுவதில்லையா அத்தை?

கமலா அத்தை: இரண்டும் ஒன்றுதானே

திவ்யா: இல்லை அத்தை. அந்த மருந்தையே கோழி முட்டையில்தான் வளர்க்கிறார்கள்

கமலா அத்தை: மார்கழியிலா

முத்து சித்தப்பா: அக்கா, அது மருந்து. தோஷம் இல்லை.

கமலா அத்தை: நீ பேசாதே

கார்த்தி: பெரியப்பா, நீங்கள் வாங்கிய டிரெஸ்ஸைக் குழுவில் போடுங்கள்

பெரியப்பா: [படம்]

பாலாஜி அத்தான்: மாமா!! ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட உடுப்பு இங்கே சாதாரண ஜனங்கள் போடக் கூடாது. சட்டப்படி குற்றம். பெட்டியிலேயே வைக்காதீர்கள்.

பெரியப்பா: தொப்பியுமா

பாலாஜி அத்தான்: தொப்பியும்

பெரியம்மா: கடையிலேயே சொன்னேன். கேட்டால்தானே

கார்த்தி: எனக்குக் கொடுத்துவிடுங்கள் பெரியப்பா, அளவு சரியாக இருக்கும்

செல்வி அக்கா: அடர் நீலம், கறுப்பும் வேண்டாம். அங்கே செட்சி என்று ஒரு ஈ. அந்த நிறங்களைத் தேடி வந்து உட்காரும், துணிக்கு மேலேயே கடிக்கும். காக்கி, பழுப்பு மாதிரி மங்கலான நிறமாக எடுத்து வையுங்கள். ஒரு சால்வையும். மேட்டு நிலம், ராத்திரி குளிரும். இரவு சவாரி திறந்த வண்டியில்.

கமலா அத்தை: என் நல்ல புடவை எல்லாமே நீலம்

பெரியம்மா: நான் தருகிறேன் கமலா

கமலா அத்தை: உங்கள் புடவையைக் கட்டி, கறை பட்டது என்று நான் ஒருமுறை கேட்டது போதும் அண்ணி

திவ்யா: அது எந்தக் கல்யாணம்?

அப்பா: வேண்டாம் திவ்யா

பெரியப்பா: குதிரை சவாரி இருக்கிறது என்று செல்வி சொன்னாள்

செல்வி அக்கா: இருக்கிறது அப்பா. பழகாதவர்களுக்கும் உண்டு, கூடவே ஆள் வருவார். குதிரையில் போகும்போது வரிக்குதிரையும் இம்பாலாவும் அவ்வளவாக மிரளாது, பக்கத்திலேயே போகலாம். கார் சத்தமும் இல்லை.

பெரியம்மா: இவர் ஏற வேண்டாம். கொடைக்கானல் ஏரிக்கரைக் குதிரை இன்னும் இவரை மறந்திருக்காது

கார்த்தி: யார் யார் மேல் விழுந்தது அன்றைக்கு?

பெரியப்பா: சேணம் சரியில்லை

பாலாஜி அத்தான்: மாமா, படகில் போவோம். இரண்டு மணி நேரம். நீர்யானை, முதலை, மீன் பிடிக்கிற கழுகு எல்லாம் கரையோரமாகவே தெரியும். கையைத் தண்ணீரில் விடாமல் இருந்தால் போதும்.

முத்து சித்தப்பா: ஜனவரி வறண்ட மாதம். குட்டைகள் வற்றிவிடும், விலங்குகள் ஏரிப் பக்கம் வந்துவிடும். நல்ல நேரம்தான் பார்த்திருக்கிறாய் செல்வி. வழியில் கயப்வே என்ற இடத்தில் நிலநடுக்கோடு சாலையைக் குறுக்கே கடக்கிறது. கோடு போட்டு வளையம் கட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணனை அங்கே நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் கரும்பலகையில் சாக்பீஸால் போட்ட கோடு அது.

கார்த்தி: சித்தப்பாவும் போயிருக்கலாம்

பெரியப்பா: முத்துவுக்கு பாஸ்போர்ட் இல்லையே

முத்து சித்தப்பா: இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

செல்வி அக்கா: சித்தப்பா, டிக்கெட் இன்னும் கிடைக்கும். வருகிறீர்களா?

கமலா அத்தை: வந்தால் நிலக் கதையையும் அங்கேயே உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம்

முத்து சித்தப்பா: எனக்கு பென்ஷன் வேலை இருக்கிறது. பார்க்கலாம்.

பெரியப்பா: இடி அமீன் ஊருக்கு எல்லாரும் போய் என்ன செய்ய

பாலாஜி அத்தான்: மாமா, அவர் ஆட்சி 1979லேயே போய்விட்டது

பெரியப்பா: 72இல் நம் ஆட்களைத் தொண்ணூறு நாளில் துரத்தினாரே. பேப்பரில் படித்தது மறக்கவில்லை

செல்வி அக்கா: இப்போது நான் இங்கே ஹவுஸ் ஓனரோடு தண்ணீர் பில்லுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறேன் அப்பா. அறை விஷயம் சொல்லுங்கள். லாட்ஜில் ஒரு காட்டேஜ், ஒரு டெண்ட் மிச்சம்.

கமலா அத்தை: டெண்டா? ராத்திரி நீர்யானை வருமா

செல்வி அக்கா: புல் மேய மேலே ஏறும் அத்தை. டெண்டுக்குள் வராது. உள்ளேயே பாத்ரூம் இருக்கிறது. வெளியே போக வேண்டுமென்றால் காவலாளி டார்ச்சோடு வருவார்.

கமலா அத்தை: நான் காட்டேஜ்

பெரியம்மா: நானும் கமலாவும் காட்டேஜ்

பெரியப்பா: அப்போ நான்

கார்த்தி: நீர்யானையோடு

செல்வி அக்கா: அப்பாவும் நாங்களும் டெண்டா? கட்டில் இரண்டுதான். சித்தப்பா வருவதானால் இன்னொன்று கேட்க வேண்டும்

முத்து சித்தப்பா: என்னை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஊசி மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுக்கொள்கிறேன். திவ்யா, கிண்டியில் எந்தெந்த நாள் போடுகிறார்கள்?

திவ்யா: கேட்டுச் சொல்கிறேன் சித்தப்பா

கமலா அத்தை: வெள்ளிக்கிழமை வேண்டாம்

அப்பா: பொங்கலுக்குத் திரும்பிவிடுவீர்கள்தானே? வீட்டுச் சாவி யாரிடம்?

பெரியப்பா: முத்துவிடம்

முத்து சித்தப்பா: நானும் போனால்?

செல்வி அக்கா: சித்தப்பா, இன்றைக்கு ராத்திரிக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், லாட்ஜ்காரர் மறுபடியும் கூப்பிடுகிறார்