ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு தெருவில் நடக்கலாமா?

பேவியூ மாமா:
போன சனிக்கிழமை டர்பனில், செட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் தெருவில் நடந்தது. எதிர்வீட்டுப் பையனுக்குப் பதினாறு வயது. ஏர்சாஃப்ட் துப்பாக்கியை (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, பார்க்க நிஜம் போலவே இருக்கும்) தோளில் மாட்டிக்கொண்டு சிநேகிதன் வீட்டுக்குப் போயிருக்கிறான். இரண்டு தெரு தள்ளித்தான். யாரோ பார்த்துப் பாதுகாப்பு கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். வண்டியிலிருந்து இரண்டு பேர் நிஜத் துப்பாக்கியை நீட்டியபடி இறங்கினார்கள். நல்லவேளை, பையன் அதைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். இப்போது அவன் அப்பா காவலாளிகள் மேல் புகார் கொடுக்கப் போகிறாராம். என்னைக் கேட்டால் இந்தச் சாமானை விற்கவே கூடாது.

ஆறு மில்லி:
மாமா, பையனை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அதற்காகத் தடையா? தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குண்டின் ஆற்றல் 8 ஜூலுக்குக் குறைந்த காற்றுத் துப்பாக்கி, துப்பாக்கிக் கணக்கிலேயே வராது. லைசன்ஸும் வேண்டாம். நாங்கள் சுடுவது 0.20 கிராம் பிளாஸ்டிக் குண்டு. விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனாலும் 1 ஜூல்தான்.

ஃபீனிக்ஸ் அக்கா:
தம்பி, அதே சட்டத்தில் 120-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, அதுவரை படிக்கவில்லையா? காற்றுத் துப்பாக்கியையோ, துப்பாக்கி என்று நம்பவைக்கும் எந்தப் பொருளையோ தக்க காரணமில்லாமல் ஒருவரை நோக்கி நீட்டினாலே குற்றம். ஊருக்குள் சுட்டாலும் குற்றம்தான்.

சட்டத்தை விடுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் அதிகம் வாழும் எங்கள் ஃபீனிக்ஸ் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். முனைக்கு முனை தடுப்பு, ஆயுதத்தோடு ஆட்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். இன்றைக்குப் பக்கத்தில் கறுப்பின மக்கள் வாழும் இனாண்டாவிலிருந்து வேலைக்கு வருகிற ஒருவர், நம் பிள்ளை தோளில் ரைஃபிளோடு நிற்பதைப் பார்த்தால் ஜூல் கணக்கா போடுவார்?

ஆறு மில்லி:
அக்கா, அவன் யாரையும் குறிபார்க்கவில்லையே.

ஃபீனிக்ஸ் அக்கா:
குறிபார்த்தானா இல்லையா என்று தூரத்தில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

சென்னைப் புதுசு:
நான் டர்பனுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, தப்பாக இருந்தால் சொல்லுங்கள். அமெரிக்காவில் குழல் முனையில் ஆரஞ்சு நிறம் கட்டாயம் என்கிறார்களே. இங்கேயும் அப்படி வைத்தால் என்ன?

இரவுப்பணி:
கண்ட்ரோல் ரூமில் போன் எடுக்கிறவன் நான். (மாமா சொல்கிற கம்பெனி இல்லை.) எங்களுக்கு வருகிற செய்தி 'கையில் துப்பாக்கி' என்ற இரண்டே வார்த்தை. முனை என்ன நிறம் என்று யாரும் சொல்வதில்லை, இருட்டில் தெரிவதும் இல்லை. இந்த நாட்டில் போலீஸைவிடத் தனியார் காவலர்கள்தான் அதிகம், அதனால் பல இடங்களில் முதலில் போய் நிற்பது எங்கள் ஆட்கள். பொம்மையைக் காட்டியே கொள்ளையடிக்கிறவர்களும் உண்டு. நிஜத் துப்பாக்கிக்கு ஆரஞ்சு பெயின்ட் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அமெரிக்கக் கதையையே கேளுங்கள். 2014 நவம்பர், கிளீவ்லாண்ட். டாமிர் ரைஸ், 12 வயது. பூங்காவில் ஏர்சாஃப்ட் பிஸ்டலோடு இருந்தான். அதில் ஆரஞ்சு முனை இல்லை. போன் செய்தவர் 'அநேகமாக அது போலியாக இருக்கும்' என்று சொல்லத்தான் செய்தார். அந்தத் தகவல் போலீஸ்காரர்களுக்குப் போய்ச் சேரவில்லை. வண்டி வந்து நின்று இரண்டு விநாடிக்குள் சுட்டுவிட்டார்கள். இதைப் படித்த பிறகு நான் போனில் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறேன். ஆனால் எல்லா இரவும் எல்லாவற்றையும் கேட்க முடியாது.

பேவியூ மாமா:
அதைத்தான் நானும் சொல்கிறேன். தடை!

ஆறு மில்லி:
தீபாவளிப் பட்டாசு பற்றி வருஷா வருஷம் புகார் வரும்போது 'பொறுப்பாக வெடித்தால் போதும், தடை எதற்கு' என்று எழுதுகிறவர் யார் மாமா?

பேவியூ மாமா:
பட்டாசைப் பார்த்து யாரும் கையைத் தூக்குவதில்லை, தம்பி.

ஆறு மில்லி:
சரி, அது நியாயம். தோளில் மாட்டிக்கொண்டு நடந்தது தப்புதான், அதை முதலிலேயே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் குழுவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. நான் பழைய கித்தார் பையில் வைத்து டிக்கியில் போட்டு எடுத்துப்போகிறேன், மைதானத்துக்குள் போன பிறகுதான் ஜிப்பைத் திறப்பேன். மேகசினை (குண்டு நிரப்பும் பெட்டி) கழற்றினாலும் உள்ளே ஒரு குண்டு நின்றுவிடும். அதைத் தரையைப் பார்த்துச் சுட்டுத் தீர்த்துவிட்டுத்தான் பேட்டரியைக் கழற்றுவோம். பாதுகாப்புக் கண்ணாடி போடாதவனுக்கு ஆட்டமே இல்லை, 1 ஜூல் கண்ணைக் குருடாக்கப் போதும். திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் இறங்குவதானால் ராணுவச் சட்டையை மாற்றிவிட்டுத்தான் இறங்குவோம். போலீஸ் நிறுத்தினால் கை ஸ்டியரிங்கில் இருக்கட்டும், என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லுங்கள். 'இதோ பாருங்கள் சார், பொம்மை' என்று எடுத்துக் காட்டுவதுதான் உலகத்திலேயே பெரிய முட்டாள்தனம்.

இரவுப்பணி:
கடைசி வரியைக் கடைக்காரர் பில்லிலேயே அச்சடிக்கலாம்.

ஃபீனிக்ஸ் அக்கா:
பதினாறு வயதுக்காரன் இத்தனையும் நினைவில் வைப்பானா? அவனுக்கு அது அவசரமாகப் படம் எடுத்துப் போடுகிற சாமான். வாங்கிக்கொடுத்த அப்பாதான் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்வர வேண்டும். முடியாதென்றால் வாங்கித் தரக்கூடாது.

ஆறு மில்லி:
அதில் எனக்குச் சண்டை இல்லை அக்கா.

பேவியூ மாமா:
இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பா இன்னும் புகார் புகார் என்று குதிக்கிறார். அம்மா துப்பாக்கியைப் புடவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆறு மில்லி:
பேட்டரியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள் மாமா. உள்ளேயே கிடந்தால் வீங்கிவிடும்.