பொங்கல் விடுமுறையில் பேத்தியுடன் தஞ்சாவூர்: ஏழு இடம் பார்க்க முடியுமா?

கேட்டடித் தாத்தா, நீடாமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். பொங்கலுக்கு மகளும் மாப்பிள்ளையும் பேத்தியோடு பெங்களூரிலிருந்து காரில் வருகிறார்கள். பேத்திக்கு இரண்டு வயது மூன்று மாதம்.

வியாழன் பொங்கல், வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி காணும் பொங்கல். ஞாயிறு தை அமாவாசை, எனக்குத் தர்ப்பணம் இருக்கிறது; அன்று மாலையே அவர்கள் கிளம்புகிறார்கள். ஆகவே வெள்ளி அல்லது சனி, ஏதாவது ஒருநாள் தஞ்சாவூர் போய்வருவது என்று முடிவாகியிருக்கிறது. முடிவு செய்தது நான் அல்ல.

மாப்பிள்ளை ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் நூலகம், சிவகங்கைப் பூங்கா, ராஜாளி பறவைகள் பூங்கா, அங்கிருந்து கல்லணை, திரும்புகிற வழியில் திருவையாறு. ஏழு இடத்துக்கும் எதிரே நேரம் போட்டிருக்கிறார். நூலகத்துக்கு 25 நிமிடம். நல்ல பிள்ளை, ஒழுங்கானவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் குழந்தை தூங்குவதற்கு ஒரு வரி இல்லை. காலமெல்லாம் பேரேடு பார்த்த கண்ணுக்கு அது விடுபட்ட பதிவாகத்தான் தெரிகிறது. பகல் பன்னிரண்டரைக்குப் படுத்தால் இரண்டரை வரை தூங்குவாள். அதைத் தவறவிட்டால் மாலையில் அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

நடையும் அப்படித்தான். தெருமுனைக் கடைக்குப் போய்வர எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வழியில் எறும்பு இருக்கும், கூழாங்கல் இருக்கும். தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்றால் பன்னிரண்டு கிலோ. என்னால் பத்து நிமிடம் தூக்க முடியும். வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இஞ்சினை முன்னும் பின்னும் மாற்றிப் பூட்டும்வரை இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும், எல்லோரும் திட்டுவார்கள். அந்த கேட்டை மனதாரப் பாராட்டிய ஒரே ஆள் என் பேத்திதான். தீபாவளிக்கு வந்திருந்தபோது திண்ணையில் என் மடியில் உட்கார்ந்து, வண்டி போய் முடிந்ததும் ‘இன்னும்’ என்பாள். அவளை ரயிலில் தஞ்சாவூர் அழைத்துப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை. கார் நிற்கும்போது ரயில் எதற்கு என்கிறார் மாப்பிள்ளை.

எந்த நாள் நல்லது? ஏழில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்? சிறு குழந்தையோடு போய்வந்தவர்கள் சொன்னால் வீட்டில் காட்டுவேன். நான் சொன்னால் கிழவனுக்குச் சோம்பல் என்பார்கள்.

மானம்புச்சாவடி அம்மா, தஞ்சாவூர்

ஐயா, மாப்பிள்ளையிடம் இதை அப்படியே காட்டுங்கள். என் மகனுக்கு இப்போது மூன்றரை வயது. அவன் இரண்டு வயதில் இருந்தபோது நாங்களும் இதே மாதிரி ஒரு பட்டியலோடு புறப்பட்டவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை போங்கள். மாட்டுப் பொங்கலன்று காலை பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பு எல்லாம் கொண்டு அலங்காரம் செய்வார்கள். பன்னிரண்டடி உயரக் கல் நந்தி. அதன் மேல் கத்தரிக்காயும் கேரட்டும் முள்ளங்கியும் சரம் சரமாகத் தொங்கும். பசுக்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பூசையும் நடக்கும். இரண்டு வயதுக் குழந்தைக்கு ராஜராஜ சோழனும் தெரியாது, 1010-இல் குடமுழுக்கு நடந்த கதையும் தெரியாது. மாடு தெரியும், கேரட் தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டும்?

காலை எட்டு மணிக்கெல்லாம் உள்ளே இருங்கள். கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டையும் தாண்டும்வரை தூக்கிக்கொள்ளுங்கள், நெரிசல் அங்கேதான். உள்ளே போய்விட்டால் பரந்த வெளி, ஓடவிடலாம். தள்ளுவண்டி கொண்டுவர வேண்டாம். படியும் நிலையும் தூக்கியே கை ஓய்ந்துவிடும். காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள், பதினொரு மணிக்கு மேல் கல் சுடும். என் மகன் பதினொன்றரைக்குத் திருச்சுற்றின் நடுவில் நின்று, ஒரு காலை மற்றொரு கால் மேல் வைத்துக்கொண்டு அலறினான். என் கணவர் ஓடிப்போய்த் தூக்கினார். அப்புறம் அவர் கால் கொப்பளித்தது வேறு கதை. பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள், நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். நீங்கள் பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடுங்கள். இந்த வெள்ளி பிரதோஷமும் சேர்ந்து வருகிறது, மாலையில் நந்தியைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. மாலைக்குத் திரும்பி வரலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

அரண்மனையை விட்டுவிடுங்கள். கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன, அழகுதான். ஆனால் ‘தொடாதே, தொடாதே’ என்று நிமிடத்துக்கு ஒருமுறை சொல்ல வேண்டிய இடத்துக்கு இரண்டு வயதுக் குழந்தையை ஏன் அழைத்துப்போக வேண்டும்? அங்கே என் மகனுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று, தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. அதையும் நான்கு வயதுக்கு மேல் காட்டினால்தான் அருமை தெரியும். நூலகத்துக்கு 25 நிமிடம் என்று படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பார்வையாளர்களுக்கு அங்கே காட்சிக்கூடம் மட்டும்தான், கண்ணாடிக்குள் சுவடி. அது உங்களுக்கும் எனக்கும்.

சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள். மாட்டுப் பொங்கலன்று சின்ன ஹோட்டல்கள் பாதி மூடியிருக்கும், வேலை செய்பவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். திறந்திருக்கும் இரண்டு மூன்றில் இலைக்கு வரிசையில் நிற்க வேண்டும். குழந்தைக்கு இட்லியும் தயிர்சாதமும் போதும்.

சாப்பிட்டதும் தூக்கம். எங்கே தூங்குவாள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை யோசியுங்கள். எழுந்த பிறகு சிவகங்கைப் பூங்கா, கோயிலை ஒட்டியே இருக்கிறது. அவ்வளவுதான் ஐயா.

காவிரிக்கரையான், ஸ்ரீரங்கம்

எல்லோரும் ஏன் தஞ்சாவூரிலேயே நிற்கிறீர்கள்? இங்கே மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. மரம், நிழல், குழந்தைகள் விளையாட இடம். கல்லும் சுடாது, நடையும் சாத்த மாட்டார்கள்.

வல்லத்து அப்பா

மேலூர்ப் பூங்கா நல்ல இடம்தான். ஆனால் நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூரைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரப் பயணம். பின்சீட்டில் கட்டிவைத்த குழந்தைக்கு அது தண்டனை.

கல்லணையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தஞ்சாவூரிலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28 வரை பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கம். ஆகவே பொங்கல் சமயத்தில் படித்துறை ஈரமும் பாசியுமாகத்தான் இருக்கும். காணும் பொங்கல் என்றால் டெல்டா முழுக்கக் கட்டுச்சோற்றோடு அங்கேதான் வந்து இறங்கும். போன வருடம் காணும் பொங்கலன்று என் மகள் கையை உருவிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடினாள். நான்கே எட்டில் பிடித்துவிட்டேன். அந்த நான்கு எட்டு இன்னும் தூக்கத்தில் வருகிறது. தண்ணீருக்கு ஆசைப்படும் வயது, பயம் தெரியாத வயது. கல்லணை எங்கும் போய்விடாது, கரிகாலன் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது.

ரயில் விஷயத்தில் ஐயா பக்கம் நான். ஐந்து வயதுக்குள் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட் கிடையாது. அரசு பஸ்ஸிலும் 2022-லிருந்து ஐந்து வயது வரை இலவசம்தான். ஆனால் புதிய பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டால் அங்கிருந்து கோயிலுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ரயில் நிலையத்திலிருந்து கோயில் ஆட்டோவில் பத்து நிமிடம். ஏறுவதற்கு முன்பே கட்டணம் பேசிக்கொள்ளுங்கள், விடுமுறை நாளில் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள்.

காரையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மாப்பிள்ளையும் பாட்டியும் சாப்பாட்டு மூட்டையோடு காரில் வரட்டும், நீங்கள் குழந்தையோடு ரயிலில் வாருங்கள். பகல் தூக்கத்துக்குக் காரைவிட நல்ல தொட்டில் கிடையாது. மானம்புச்சாவடி அம்மா கேட்டாரே, எங்கே தூங்குவாள் என்று. அதற்குப் பதில் இதுதான்.

கூட்டத்துக்குள் போகும்முன் குழந்தையின் முன்கையில் பேனாவால் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். சென்னை மெரினாவில் காணும் பொங்கலன்று போலீஸாரே குழந்தைகள் கையில் எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். நம் ஊரில் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

கேட்டடித் தாத்தா, நீடாமங்கலம்

மூவருக்கும் நன்றி. வீட்டில் படித்துக்காட்டினேன். மாப்பிள்ளை ஏழு இடத்தை மூன்றாகக் குறைத்திருக்கிறார். பறவைப் பூங்காவை மட்டும் விடமாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ‘நீடாமங்கலத்தில் இல்லாத மாடா தஞ்சாவூரில்?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போய்வந்து எழுதுகிறேன்.

கேட்டடித் தாத்தா, நீடாமங்கலம்

போய்வந்துவிட்டோம், வெள்ளிக்கிழமையே. நானும் மகளும் பேத்தியும் ரயிலில். மாப்பிள்ளையும் வீட்டம்மாவும் காரில்.

கோவில்வெண்ணி தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா முற்றிச் சாய்ந்து நின்றது, மேலே பனி. நான் அதைக் காட்டினேன். அவள் எதிர் இருக்கைக்காரரின் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாலியமங்கலத்தில் வண்டி நின்றபோது, ஏன் நின்றது என்று என்னைத்தான் கோபித்துக்கொண்டாள். வெளியே நின்று பார்த்தால்தான் அது ரயில். உள்ளே உட்கார்ந்துவிட்டால் அது வெறும் அறை என்பது அவள் கணக்கு போலிருக்கிறது. என் ஆசை நிறைவேறியது, அவளுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை.

கோயிலில் எட்டேகால். நந்தியைப் பார்த்ததும் என் தோளில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘கேரட்’ என்றாள். அதன் பிறகு பசுக்கள், பூசை, மேளம் எதுவும் காதில் ஏறவில்லை. அந்த நந்தியின் கழுத்தில் தொங்கிய கேரட் வேண்டும். வீட்டம்மா டப்பாவிலிருந்து வேகவைத்த கேரட் துண்டை நீட்டினார். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அது மாட்டினுடைய கேரட் இல்லையே! கடைசியில் அணில் ஒன்று வந்து எங்களைக் காப்பாற்றியது. அதன் பின்னால் திருச்சுற்றில் அவள் ஓட, அவள் பின்னால் மகள் ஓட, நான் நிழலில் உட்கார்ந்து விமானத்தை நிதானமாகப் பார்த்தேன். எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், கழுத்து வலிக்கும்வரை பார்த்தது இப்போதுதான்.

பத்தே முக்காலுக்கு வெளியே வந்தோம். கல் சுட ஆரம்பித்திருந்தது, காலுறை உதவியது. செருப்பு வைத்த இடத்தில் அவள் செருப்பு ஒன்றுதான் இருந்தது. அவ்வளவு சின்ன ஒற்றைச் செருப்பை யார் எடுத்துப்போய் என்ன செய்வார்கள் என்பது இதுவரை விளங்கவில்லை.

வேப்பமர நிழலில் காரை நிறுத்திச் சாப்பிட்டோம். பன்னிரண்டே முக்காலுக்குத் தூங்கினாள். காவலுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை ஒரு மணிக்குத் தூங்கினார். இரண்டரைக்கு அவள் எழுந்தாள், அவர் எழவில்லை. மூன்றரைக்கு எழுந்தவர் நேரத்தைப் பார்த்துவிட்டு, பறவைகள் அடுத்த தடவை என்று அவராகவே சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோயில் எதிரில் தலையாட்டி பொம்மை ஒன்று வாங்கினோம். நாட்டியக்காரி அல்ல; அடி கனத்து, சாய்த்தால் நிமிரும் ராஜா. சிவகங்கைப் பூங்காவில் சறுக்குமரம் வரிசையில் அரை மணி நேரம் நின்று ஒரே ஒரு தடவை சறுக்கினாள். இருட்டுவதற்குள் வீடு வந்துவிட்டோம், காரில், எல்லோரும். கேட் மூடியிருந்தது. அவளுக்கு அன்றைக்கு முழுக்க அதுதான் திருவிழா.

இதை எழுதும்போது மணி பத்தே முக்கால். ராஜாவைப் பாயில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுக்கிறாள். கையை எடுத்தால் எழுந்து உட்காருகிறார். மறுபடி படுக்கவைக்கிறாள். இருவரும் தூங்குவதாகத் தெரியவில்லை.