மாத்திரையில் இருப்பது பாதிதான்: துணைநொதிகள் எங்களுக்குப் புரிந்த விதம்

திருச்சி, கல்லூரி ஆசிரியை:

இருபத்திரண்டு ஆண்டுகளாக உயிர்வேதியியல் நடத்துகிறேன். செல்லில் வேதிவினைகளை நடத்தும் நொதிகளுக்குத் துணை நிற்கும் சிறு மூலக்கூறுகள்தான் துணைநொதிகள். அந்தப் பாடம் வந்தால் கரும்பலகையில் ஓர் அட்டவணை போடுவேன். இடப்பக்கம் விட்டமின், வலப்பக்கம் அது செல்லுக்குள் எடுக்கும் வடிவம். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். அந்த அட்டவணையின் ஒரு வரி என் வீட்டுக்கே வரும் என்று நான் நினைத்ததில்லை.

அம்மாவுக்கு 71 வயது. சுத்த சைவம். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒருநாள், "செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்" என்றார். பிறகு, முகம் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஆடுகிறது என்று தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். வயது, சர்க்கரை என்று நாங்களும் விட்டுவிட்டோம். இரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஒரு மருத்துவர் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுத்தார். இரத்தம் ஏறியது. கால் இன்னும் மோசமானது.

இரத்தம் தேறிக் கால் மோசமான அந்த முரண்தான் என்னை உலுக்கியது. நான் பாடம் நடத்தும் விஷயம் அது. விட்டமின் பி12ஐத் துணையாகக் கொண்டு இயங்கும் நொதிகள் மனித உடலில் இரண்டே இரண்டு. ஒன்று, செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பி12இன் அடினோசில் வடிவத்தை வைத்துக்கொண்டு, சில கொழுப்பு அமிலங்களும் அமினோ அமிலங்களும் சிதைவதில் வரும் மிச்சத்தைச் சக்திப் பாதைக்குள் திருப்பிவிடுகிறது. மற்றொன்று, மெத்தில் என்ற சிறு கார்பன் தொகுதி ஒட்டிய பி12 வடிவத்தைக் கொண்டு ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை மெத்தியோனின் என்ற இன்னொன்றாக மாற்றுகிறது. இந்த இரண்டாவது நின்றுபோனால், ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் உடலில் எடுக்கும் வடிவம்) தன் மெத்திலை இறக்கி வைக்க இடமில்லாமல் அப்படியே மாட்டிக்கொள்கிறது. டிஎன்ஏ கட்டுவதற்கு ஃபோலேட் கிடைக்காது, இரத்த அணுக்கள் சரியாகப் பெருகாது. வெளியிலிருந்து ஃபோலிக் அமிலத்தைக் கொட்டினால் அந்தத் தட்டுப்பாடு மட்டும் தீர்ந்து இரத்தம் தேறும். நரம்பின் உறைக்கு வேண்டியது கிடைக்காமலே இருக்கும். மறுநாளே பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பி12 மிகக் குறைவு.

இந்த மூலக்கூறைச் செடியும் செய்யாது, விலங்கும் செய்யாது. பாக்டீரியாக்களும் அவற்றைப் போன்ற நுண்ணுயிர்களான ஆர்க்கியாக்களும் மட்டுமே, ஏறத்தாழ முப்பது படிகளில், நடுவில் ஒரு கோபால்ட் அணுவை வைத்துக் கட்டுகின்றன. ஆய்வகத்தில் அதைக் கட்டி முடிக்க உட்வர்டு, எஷன்மோசர் ஆகிய இரு வேதியியலாளர்களின் குழுக்களில் நூறு பேருக்குக் குறையாமல் உழைத்தார்கள். முடிந்தது 1972இல்தான். நமக்குப் பாலும் தயிரும் கொஞ்சம் தரும். அம்மா மோரில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்பவர். மெட்ஃபார்மின் வேறு உறிஞ்சுதலைக் குறைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் குறைக்குப் போடும் பி12 ஊசியில் இருப்பது மெத்தில் வடிவமாகவே இருந்தாலும் செல் அதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மேலே இருப்பதைக் கழற்றிவிட்டு, தனக்கு வேண்டிய இரண்டு வடிவங்களையும் தானே செய்துகொள்கிறது. நாம் கொடுப்பது பாதி, முடிப்பது செல். உங்களில் யாருக்காவது இப்படித் துணைநொதி நேரில் வந்து நின்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

வேலூர், காசநோயிலிருந்து மீண்டவர்:

டீச்சர், என் கதை விட்டமின் பி6. காசநோய் மாத்திரைகளோடு ஒரு சின்ன பி6 மாத்திரையும் கொடுத்தார்கள். "இது சத்து மாத்திரைதானே" என்று நான் அதை மட்டும் தவிர்த்துவிட்டேன். மற்றவற்றை ஒருநாள்கூட விட்டதில்லை. மூன்றாவது மாதம் இரவில் உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது. ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுப்பேன். வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் அட்டைகளை எல்லாம் வாங்கிப் பார்த்தார். ஒரு அட்டை மட்டும் முழுசாக இருந்தது. "ஐயா, உங்கள் கால் எரிவதற்குக் காரணம் இதுதான்" என்று என் கையிலேயே கொடுத்தார்.

பிறகு தேடிப் படித்தேன். நான் சாப்பிட்ட காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ஐசோனியாசிட் கிருமியை அடிக்கும் மருந்து. ஆனால் பி6 செல்லுக்குள் பாஸ்பேட் ஏறித் துணைநொதியாக நிற்கும்போது, அதையும் போய்ப் பிடித்துக்கொள்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட நொதிகள் நம்பியிருக்கும் பொருள் அது. இந்த மருந்தை உடல் மெதுவாகச் சிதைப்பவர்களுக்குப் பாதிப்பு அதிகமாம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்த நரம்புப் பாதிப்பையும் பி6 அதைத் தடுப்பதையும் அந்தக் காலத்திலேயே ஆராய்ந்திருக்கிறது. நம் ஊரிலேயே ஆராய்ந்து சொன்னதை நானே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது இன்றும் வலிக்கிறது.

கோவை, செவிலியர்:

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. பல நாள் சாப்பாடில்லாமல் குடித்தே கிடந்தவரைக் கொண்டுவந்தார்கள். கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஆடின. என்ன ஊர், என்ன கிழமை, எதுவும் தெரியவில்லை. நான் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போனேன். மூத்த சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். "முதலில் தயமின்" என்றார். விட்டமின் பி1தான் தயமின்.

குளுக்கோஸிலிருந்து வரும் பைருவேட், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிய வேண்டுமானால் தயமினின் துணைநொதி வடிவமான தயமின் பைரோபாஸ்பேட் வேண்டும். தயமினோடு, செல்லின் சக்தி மூலக்கூறான ஏடிபியிலிருந்து இரண்டு பாஸ்பேட் சேர்த்துச் செல் அதைச் செய்துகொள்கிறது. உடலில் தயமின் இருப்பே 30 மில்லிகிராம் அளவுதான், இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். மிச்சமிருக்கும் துளியையும் அந்தக் குளுக்கோஸ் இழுத்துக்கொண்டால் மூளை நிரந்தரமாகக் கெடலாம். அந்த மனிதரின் கண்கள் மறுநாள் மாலைக்குள் அமைதியாகிவிட்டன. அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தஞ்சாவூர், அரிசி ஆலைக் குடும்பம்:

சிஸ்டர் தயமினைச் சொன்னதால் எழுதுகிறேன். அப்பா காலத்தில் எங்கள் ஆலையில் நெல் அவிக்கும் நாளில் தெருமுனை வரை அந்த வாடை வரும். ஊறிய நெல்லில் ஆவி ஏறும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் உள்ளே அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுக்கப் போகாது. பழைய சென்னை மாகாணத்தில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடக்குத் தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில், தயமின் குறைவால் நரம்பும் இதயமும் தளரும் பெரிபெரி நோய் பரவலாக இருந்தது. புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகளில் அது அரிது. ஜாவாவில் டச்சு மருத்துவர் எய்க்மான் தீட்டிய அரிசி போட்டு வளர்த்த கோழிகள் கால் விழுந்து கிடந்ததும் இதே காரணத்தால்தான். அதற்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. களத்தில் வெயிலில் நெல்லைக் காலால் கிளறிக் காயவைத்த பெண்களுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் எத்தனையோ பேருடைய நரம்பைக் காத்தது அவர்கள் உழைப்பு.

திருச்சி, கல்லூரி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. வேலூர் ஐயா, இப்போது எரிச்சல் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு ஊசி போட ஆரம்பித்து ஓராண்டு ஆகிறது. வலக்கால் நன்றாகிவிட்டது. இடக்காலின் கடைசி இரண்டு விரல்களில் மட்டும் உணர்வு திரும்பவில்லை. திரும்பாமலே போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நேற்றுக் காலை தொட்டியைப் பிடிக்காமல் கண்ணை மூடி முகம் கழுவினார். நான் துண்டை வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றேன்.