புதுப்பிப்பு: முதியோர் இல்லக் களப்பயிற்சியில் என்ன விளையாட்டு எடுபட்டது

நாகர்கோவில் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு முதல் களப்பயிற்சி, பொழுதுபோக்கு வழிச் சிகிச்சை (விளையாட்டு, கைவேலை வழியாக உடலையும் மனதையும் தேற்றுவது), என்ன விளையாட்டு வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா? பாதிப் பேர் பல்லாங்குழி என்றீர்கள், மீதிப் பேர் எண் கூப்பிட்டு ஆடும் தம்போலா.

தம்போலா தேறவில்லை. பலருக்கு எண் காதில் விழவில்லை, விழுந்தவர்களுக்குத் தூக்கம். பல்லாங்குழி பரவாயில்லை. ஆனால் நிஜமாக எடுபட்டது நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று. பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளைப் பாட்டி ஒருவர், பக்கவாதத்தில் இடது கை தளர்ந்தவர், எதற்குக் கூப்பிட்டாலும் "போ மக்கா, எனக்கு வேண்டாம்" என்பார். பிச்சிப்பூவும் நாரும் கொண்டுபோய் வைத்தேன். இடது கையில் பூவைப் பிடித்தால்தானே வலது கையால் நாரைச் சுற்ற முடியும், பிடித்தார்! அப்புறம் நான் கட்டிய லட்சணத்தைப் பார்த்து நல்ல திட்டு.

'சந்தோஷமாக இருந்தார்' என்று பதிவேட்டில் எழுதினால் மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்வதில்லை. எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், எந்தக் கையை, எவ்வளவு உதவியோடு பயன்படுத்தினார், அதுதான் வேண்டும். முதலில் ஆளை மதிப்பிடு, திட்டமிடு, செய், பலனைப் பார். வேலையே இந்தச் சுற்றுதான்.

இந்தச் சிகிச்சைக்கான அமெரிக்கச் சான்றிதழ் பற்றிக் கேட்டவருக்கு: அங்கே படிப்போடு குறைந்தது 14 வாரம், 560 மணி நேரம் உள்ளகப் பயிற்சி வேண்டும்.

சரி, அடுத்து மீன்பிடி ஊரான குளச்சல் பாட்டா ஒருவர், கேரம் போர்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வலை பின்னும் ஊசி கொஞ்ச நாளைக்கு இரவல் தர யாராவது இருக்கிறீர்களா?