பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிற்பி எட்மோனியா லூயிஸின் கிளியோபாட்ரா பளிங்குச் சிலையை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

மழைக்காகம்:
வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலைக்கூடத்தில் பார்த்து நாலு மாதமாகிறது. இன்னும் விட்டபாடில்லை. அந்தக் காலத்துச் சிற்பிகள் கிளியோபாட்ராவை யோசனையில் உட்கார்ந்திருப்பவளாக, அழகாகத்தான் வைப்பார்கள். இவளோ செத்தே போய்விட்டாள். தலை சாய்ந்து, ஒரு கை சிம்மாசனத்துக்கு வெளியே தொங்குகிறது. அப்பா ஈஸிசேரிலேயே போன அன்று அவர் கையும் இப்படித்தான் தொங்கியது. தூக்கி மடியில் வைத்தேன், திரும்பவும் விழுந்தது. சிலையிடம் கையை நீட்டிவிட்டேன். காவலாளி தொண்டையைச் செருமினார்.

சிகாகோ லாரி:
நான் அவள் இல்லாத இடத்தைத்தான் பார்த்தேன். சிலை போன வழி இது: 1876 பிலடெல்பியா கண்காட்சி, 1878 சிகாகோ கண்காட்சி, அப்புறம் ஒரு சாராயக்கடை. கடைசியில் ஜான் கான்டன் என்ற சூதாட்டக்காரர் வாங்கி, சிகாகோ பக்கத்து ஃபாரஸ்ட் பார்க் குதிரைப்பந்தயத் திடலில் தன் குதிரையின் சமாதிமேல் வைத்தார். குதிரையின் பெயரும் கிளியோபாட்ரா! திடல் போய் கோல்ஃப் மைதானம், அது போய் கடற்படைத் தொழிற்சாலை, அப்புறம் தபால் நிலையம். அதற்கு இடைஞ்சல் என்று 1970களில் பக்கத்து ஊர் சிசெரோவில் கான்ட்ராக்டர் ஒருவரின் கிடங்குக்குத் தள்ளினார்கள். அந்தத் தபால் நிலையத்துக்கு ஏழு வருஷம் சரக்கு ஓட்டினேன். விஷயம் தெரிந்த இரவு லாரியை ஓரங்கட்டிவிட்டு, குதிரை எந்தத் தார்ப்பரப்புக்கு அடியில் கிடக்கிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தே கொன்றுவிட்டான். கிடங்கில் சாரணப் பையன்கள் வேறு அவளுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கொடுமை.

ஊசிமுனை:
லாரி அண்ணா, பையன்களைத் திட்டாதீர்கள். கிடங்கில் அவளைக் கண்டு, இது ஏதோ பெரிய விஷயம் என்று உணர்ந்தவர் ஒரு தீயணைப்பு ஆய்வாளர். காப்பாற்ற நினைத்துத்தான் பெயின்ட். கலைப் பண்டிதர்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? 1994இல்தான் ஸ்மித்சோனியனுக்கு வந்து சேர்ந்தாள்.

நானும் போய்வந்தேன். குழந்தை அழுததில் இரண்டு நிமிஷம்தான் பார்த்தேன். போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம். காலை பதினொன்றரைக்குத்தான் திறப்பார்கள், எட்டு மணிக்கே போய் வாசலில் நிற்காதீர்கள். அதே கட்டடத்தில்தான் தேசிய உருவப்பட அரங்கும் இருக்கிறது, குழம்ப வேண்டாம். நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட முற்றம் உண்டு, பிள்ளைகளை அங்கே ஓடவிடலாம். வெள்ளைப் பளிங்கைப் போனில் எடுத்தால் வெளிறிவிடும், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். சிம்மாசனத்தின் பக்கவாட்டில் உள்ள எகிப்திய எழுத்துகளைப் படமெடுத்து மொழிபெயர்க்க முயலாதீர்கள், அவற்றுக்கு அர்த்தமே கிடையாது. நான் முயன்றேன்.

கரிசல்:
எனக்கு நெருடுவது வேறு. லூயிஸின் அப்பா கறுப்பர், அம்மா வழி ஒஜிப்வே என்ற வட அமெரிக்கப் பழங்குடி. அப்படிப்பட்டவர் கிளியோபாட்ராவுக்கு ஏன் ஐரோப்பிய முகம் வைத்தார்?

ஊசிமுனை:
கரிசல், 1862இல் ஓபர்லின் கல்லூரியில் தோழிகளுக்கு விஷம் வைத்ததாகப் பழி போட்டு, ஒரு கும்பல் அவரை அடித்து வயலில் வீசிப்போனது. வழக்கில் ஜான் மெர்சர் லாங்ஸ்டன் வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். பிறகு ரோமில் சிற்பம் செய்தபோது, உதவியாளர் செய்தது என்று சொல்லிவிடுவார்களோ என்று பளிங்குவேலையைப் பெரும்பாலும் தானே செய்தவர். முகம் அவர் இஷ்டம்.

கரிசல்:
கேள்விதான் கேட்டேன். அடிக்க வராதீர்கள்.

தேம்ஸ் கரை:
லூயிஸ் லண்டனில் கென்சல் கிரீன் செயின்ட் மேரி இடுகாட்டில் இருக்கிறார், 1907இல் மறைந்தார். மழையில் இரண்டு சுற்று நடந்தும் சமாதி கிடைக்கவில்லை. மூன்றாவது சுற்றில் கிடைத்தபோது வாங்கிப்போன பூவை பஸ்ஸிலேயே விட்டுவந்தது தெரிந்தது. 2017இல்தான் கல்லைச் சீர்செய்தார்களாம். ஈரக் கல்லைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு வந்தேன்.

மழைக்காகம்:
போன் வெளிச்சம், முற்றம் எல்லாம் சரி ஊசிமுனை. அந்த இரண்டு நிமிஷத்தில் கையைப் பார்த்தீர்களா?