[கலைச்சொல்] கூண்டுச் சுவரின் அடுக்குகள் தனித்தனியே வருவதற்கு என்ன சொல்?

கையேட்டுக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய லாரிக் கேம்பரை, அதாவது லாரியின் மேல் தங்கிப் பயணிக்கக் கட்டிய கூண்டு வீட்டை, தாங்களே பழுதுபார்த்துச் சீராக்கிக்கொள்பவர்களுக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். கேம்பர், சேசிஸ், பேட்டரி மூன்றையும் அப்படியே வைப்பதென்று போன மாதமே பேசி முடித்தோம்; அதைத் திரும்பக் கிளற வேண்டாம். முடியாமல் நிற்பது டீலேமினேஷன்.

கூண்டின் சுவர் ஒரே பலகை அல்ல. வெளியே கண்ணாடியிழைத் தகடு, அதன் முதுகில் மெல்லிய ப்ளைவுட், நடுவே தெர்மகோல், உள்பக்கம் மறுபடி ப்ளைவுட். எல்லாம் பசை தடவி அழுத்தி ஒட்டியவை. கூரை மூலையிலோ ஜன்னல் சட்டத்திலோ தண்ணீர் இறங்கினால் பசையின் பிடி போய்விடும், வெளித்தகடு உப்பி நிற்கும். டிரைவர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூக்குப் பகுதியில்தான் இது அதிகம். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் கெட்டியாகக் கேட்ட ஓசை ஓரிடத்தில் பொக்கென்று மாறும். அங்கிருந்து பென்சிலால் எல்லை வரைந்துகொள்ள வேண்டும். இந்தப் பழுதுக்கு ஒரு சொல் தாருங்கள். பெயராகவும் வினையாகவும் நிற்க வேண்டும்.

அகராதி தொகுப்பவர் எழுதியது:

அடுக்குப்பிரிவு. சுருக்கமானது, எவருக்கும் புரிவது. இதில் பேச அதிகம் இல்லை.

இலக்கண ஆசிரியை எழுதியது:

பேச இருக்கிறது ஐயா. பிரிவு என்றதும் துறை, வகுப்பு, சட்டத்தின் உட்கூறு என்றுதான் மனம் போகும். ‘அடுக்குப்பிரிவு’ என்று தலைப்பிட்டால் அடுக்குகளின் வகைகளைச் சொல்லப்போகிறார்கள் என்று வாசகர் நினைப்பார். இன்னொன்று, சுவர் தானாகப் பிரிவது பழுது. அதைச் சரிசெய்ய நாம் பிரிப்பது வேலை. ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். ‘பிரிதல்’, ‘பிரித்தல்’ இரண்டுக்கும் ஓர் ஒற்றுதான் வேறுபாடு. ‘பிரிவு’ என்று பெயராக்கிவிட்டால் அதுவும் போயிற்று. தன்வினையும் பிறவினையும் கண்ணுக்குப் பளிச்சென்று வேறாகத் தெரியும் வேர்ச்சொல் வேண்டும்.

பட்டறைக்காரர் எழுதியது:

இதுக்கு எங்களிடம் சொல் இருக்கிறது. ‘ஒட்டு விட்டுப்போச்சு’ என்போம். ஒட்டுவிடல் என்று போடுங்கள்.

சொல்லோடு சேர்த்து இரண்டு விஷயத்தைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தில் சிலிக்கான் அப்பக் கூடாது. அது பிடித்த இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாது, முழுக்கச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மூலைப்பட்டியைக் கழற்றி, அடியில் பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து, பட்டியைத் திரும்ப முடுக்கி, ஓரத்தில் கூரைக்கு ஏற்ற அடைப்பானை ஓட்ட வேண்டும். இரண்டாவது, சுவருக்குள் கரைப்பான் கலந்த பசை போகக் கூடாது, தெர்மகோலைத் தின்றுவிடும். எபாக்சிப் பசை போதும். ஆனால் உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகுதான். ஈரத்தை உள்ளே வைத்து ஒட்டினால் மொத்த வேலையும் வீண்.

புலவர் எழுதியது:

பட்டறைக்காரர் சொன்ன செய்முறைக்கு நன்றி. சொல்லை ஏற்க இயலவில்லை. ஒட்டுவிடல், ஒட்டிவிடல் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். முன்னது பிடி விட்டது, பின்னது பிடித்துக்கொண்டது. ஓர் உயிர்மெய் மாறினால் பொருள் நேர்மாறாகும் சொல்லைக் கையேட்டில் வைப்பது ஆபத்து. பசைவிடல் என்று மாற்றலாம் என்பீர்கள். எண்ணெய் விடு, தண்ணீர் விடு என்றால் ஊற்று என்றல்லவா பொருள்? எபாக்சி செலுத்தும் படிக்கே அந்தப் பெயர் பொருந்திவிடும்.

என் பரிந்துரை விள்ளல். விள் என்னும் வேர் இணைந்திருந்தது வாய்திறந்து விலகுவதைக் குறிக்கும். மொட்டு விள்ளும், நிலம் விள்ளும். விள்ளு, விண்டது, விண்ட சுவர், விள்ளாச் சுவர்: எத்தனை வடிவம் பாருங்கள். விளவு என்றால் பிளப்பு. விளிம்பும் இந்த வேரில் பிறந்தது என்பது என் துணிபு; ஒரு பரப்பு முடிந்து விலகும் இடம்தானே விளிம்பு? அடுக்குகள் முதலில் விள்வதும் விளிம்பில்தான்.

இலக்கண ஆசிரியை எழுதியது:

விளிம்பை இப்போது விட்டுவிடுவோம் ஐயா. ‘கண்டவர் விண்டிலர்’ என்று பழகிய காதுக்கு விள்ளல் என்றால் சொல்லுதல். அதைவிட, விள் இரு பக்கமும் நிற்கும் வினை. சுவர் விண்டது, நான் சுவரை விண்டேன் இரண்டும் சரி. நான் கேட்ட வேறுபாடு இதிலும் இல்லை.

தனித்தமிழ் நண்பர் எழுதியது:

வரைவைப் படித்தேன். மாற்றுச் சக்கரத்துக்கு ‘சேம டயர்’ என்று இருக்கிறது. சேமம் க்ஷேமம் என்னும் வடசொல். நீக்குக.

புலவர் எழுதியது:

நீக்க வேண்டாம். புறநானூறு 102ஆம் பாட்டில் ஔவையார் பாடுகிறார். இளைய எருது, பாரம் மிகுந்த சகடம், பள்ளமும் மேடுமான வழி; என்ன நேருமோ என்று உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் ‘சேம அச்சு’ கட்டிவைத்தார்களாம். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார். நெடுவழி போகிறவன் மாற்று உறுப்பை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போகும் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? அச்சு முறியலாம் என்று தெரிந்து புறப்பட்டவர்கள் அந்த உமணர்கள். வேர் எதுவாயினும் சங்கப் புலவர் வாயில் ஏறிய சொல்லை நாம் இறக்கக் கூடாது.

தனித்தமிழ் நண்பர் எழுதியது:

பழமை தூய்மைக்குச் சான்றாகாது. ‘மாற்று’ என்னும் நல்ல சொல் இருக்கும்போது கடன் எதற்கு?

பட்டறைக்காரர் எழுதியது:

எந்தப் பெயர் வைத்தாலும் அந்த டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள்: 2314 என்றால் 2014இன் 23ஆம் வாரம் செய்தது. ஓடாமலே தொங்கிய டயரில் பட்டன் (தரையில் படும் வரிகள்) அப்படியே இருக்கும், ரப்பர் வெடித்திருக்கும்.

கையேட்டுக்காரர் எழுதியது:

சேம டயர் இருக்கட்டும். சுவருக்கு வருவோம்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. பழைய கேம்பர் எல்லாம் பசைச் சுவர் அல்ல. மரச்சட்டம் கட்டி அலுமினியத் தகடு அடித்தவையும் நிறைய. அவற்றில் ஒட்டே இல்லை, விட்டுப்போகவும் ஒன்றுமில்லை. தண்ணீர் இறங்கினால் மரம் கெடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ‘சுவர் போச்சு’தான். ஆனால் ஒன்றைப் பசை செலுத்தி, பலகை வைத்து முட்டுக்கொடுத்து அழுத்திச் சரிசெய்யலாம். மற்றதில் சட்டத்தையே மாற்ற வேண்டும். சொல் குழம்பினால் கெட்டுப்போன மரத்தின் மேல் பசை ஊற்றிக்கொண்டிருப்பார்கள். மரம் கெடுவதற்கு ‘உளுத்தல்’ என்று போட்டிருக்கிறேன்.

இலக்கண ஆசிரியை எழுதியது:

உளுத்தல் பூச்சி குடைந்து மாவாவது. ஈரத்தால் கெடுவது இற்றுப்போதல். ஈரமானியில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மரம் இறாது என்று சொல்லப்போகிறீர்கள். பூச்சிக்கு அந்த எண் பொருந்தாது. ‘இற்றுப்போதல்’ என்றே வையுங்கள்.

சுவருக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது: கழல். தானாக வந்தால் கழன்றது, நாம் எடுத்தால் கழற்றினோம். யாரும் குழம்ப மாட்டார்கள். பிரிவில் மெலிந்தவளின் கையிலிருந்து வளை கழன்றதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? பிடி தளர்ந்து தானே விலகுவதுதான் அங்கும். கழற்சி என்றால் காயின் பெயராகிவிடும், ஆகவே கழல்வு. பெயராக எழுதும்போது அடுக்குக்கழல்வு, ஒற்று மிகும். வினையாக ‘அடுக்கு கழன்றது’, மிகாது.

அகராதி தொகுப்பவர் எழுதியது:

அடுக்குப்பிரிவை விட்டுக்கொடுக்கிறேன். கழல்வுக்கு என் ஒப்புதல்.

தனித்தமிழ் நண்பர் எழுதியது:

ஒப்புதல். சேமம் பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

பட்டறைக்காரர் எழுதியது:

திருகினது கழலும், மாட்டினது கழலும். ஒட்டினது விடும். கழல்வு என்று படித்தால் எங்கள் ஆள் ஸ்பேனரைத் தேடுவான். பெரும்பான்மை அப்படியென்றால் நடத்துங்கள், நான் மாறவில்லை.

புலவர் எழுதியது:

நானும் மாறவில்லை. வளை கழன்றபின் வளையும் முழுசு, கையும் முழுசு. இங்கே ப்ளைவுட்டின் இழை தகட்டோடு பாதி உரிந்து வருகிறது. அந்தப் பிய்வு கழல்வில் இல்லை, விள்ளலில் உண்டு.

கையேட்டுக்காரர் எழுதியது:

புலவர் சொல்வது உண்மை. உரித்த தகட்டின் பின்புறம் மர இழை ஒட்டியிருக்கும் படமே கையேட்டில் இருக்கிறது. ஆனாலும் நாள் இல்லை. தலைச்சொல் அடுக்குக்கழல்வு. அருஞ்சொல் பட்டியலில் விள்ளலுக்கும் ஓர் இடம். தட்டிப் பார்க்கும் பக்கத்தில் முதல்முறை வரும்போது ‘ஒட்டு விட்ட இடம்’ என்று சேர்த்து எழுதுகிறேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

நல்லது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள். நாளைக்குக் கூண்டு வேலை செய்கிற பையன்களிடம் வாசித்துக் காட்டுகிறேன். எந்தச் சொல்லில் நின்று திரும்பக் கேட்கிறார்கள் என்று வியாழக்கிழமை எழுதுகிறேன்.