மறு: மறு: கலைச்சொல் பட்டியல் – ‘மாஸ் ஸ்ட்ரைக்’ தமிழில் என்ன?

அண்ணாச்சிக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

‘கெரில்லா’வுக்குத் தமிழ்ச் சொல் தேடி நடந்த அடிதடிக்கு அப்புறம் இந்தச் சொல் சத்தமில்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். நாலு நாளில் பதினேழு மடல். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

> ‘வெகுஜன வேலைநிறுத்தம்’ என்று காலங்காலமாக எழுதி வருகிறோம். இப்போது அதில் என்ன குறை கண்டீர்?

குறை ‘வெகுஜன’த்தில்தான். கேட்டவுடன் தலையை எண்ணத் தோன்றுகிறது. நிறையப் பேர் சேர்ந்து வேலையை நிறுத்தினால் அதற்குப் பொது வேலைநிறுத்தம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குத் தேதி குறிப்பார்கள், நோட்டீஸ் அடிப்பார்கள், மறுநாள் காலையில் வேலைக்கும் போய்விடுவார்கள். ஜெர்மனியில் இயங்கிய சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் 1906இல் ‘மாஸ் ஸ்ட்ரைக்’ என்று பேசியது இதையல்ல. 1905 ரஷ்யப் புரட்சியைப் பார்த்து அவர் சொன்னது: இந்த மாதிரி வேலைநிறுத்தத்தை எந்தத் தலைமைக் குழுவும் தீர்மானம் போட்டு வரவழைக்க முடியாது. கூலிக்காகத் தொடங்கியது அரசியலாகும், அரசியலில் தொடங்கியது மறுபடி கூலியில் வந்து நிற்கும், எது காரணம் எது விளைவு என்பதே இடம் மாறிக்கொண்டிருக்கும். 1896இல் பீட்டர்ஸ்பர்க் நெசவாலைகளில் எழுந்ததையும் 1905இல் எழுந்ததையும் ஒரே அலையாகப் பார்க்கிறார். அந்தப் பார்வை ‘வெகுஜன’ என்ற முன்னொட்டில் எங்கே இருக்கிறது?

> ஜெர்மன் சொல்லிலேயே ‘மாஸ்’ இருக்கிறதே, தோழர்.

இருக்கட்டும். சொல்லுக்குச் சொல் வைப்பதா, பொருளுக்குச் சொல் வைப்பதா என்பது நம் பட்டியலின் முதல் நாளிலேயே தீர்ந்த வழக்கு.

பொருள் என்னவென்று காட்ட ரஷ்யாவரைக்கும் போக வேண்டாம். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலையில் வேலைநிறுத்தம். அன்றைக்குத் தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 1986இல். கூலியைக் கூட்டு, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கொடு என்பவை முக்கியக் கோரிக்கைகள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. தொழிற்சங்கக் கணக்குப்படி (சங்கமே இல்லாத காலம், அது வேறு) கதை இத்துடன் முடிந்திருக்க வேண்டும். கூலிப் போராட்டம், வெற்றி, சுபம்.

மார்ச் 12 அன்று இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைத்தன, இந்துக் கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள், நகராட்சி அலுவலகமும் அஞ்சலகமும் காவல் நிலையமும் எரிந்தன. மண்ணெண்ணெய்க் கிடங்கும் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் அதே கோரல் ஆலைக்காரர்கள், கேட்டது கைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாதவர்கள், மறுபடி வெளியே வந்தார்கள். இந்தத் தடவை கூலியைப் பற்றிப் பேச்சே இல்லை. குதிரைவண்டிக்காரர்களும் நாவிதர்களும் துப்புரவுத் தொழிலாளர்களும் கூடவே நின்றார்கள். சுதேசிகளுக்கு எதிராகப் பேசிய வக்கீலுக்குப் பாதி முகம் மழித்த கையோடு எழுந்து போய்விட்ட நாவிதர் கதையை இந்தப் பக்கத்தில் கேட்காதவர் யார்? அந்த நாவிதருக்கு ஆலையும் கிடையாது, கூலி உயர்வும் கிடையாது. ஆனால் அவர் இல்லாமல் அந்த மார்ச் மாதம் இல்லை.

ஜூலையில் திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை விழுந்ததும் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைக்குப் போகவில்லை. லெனின் அதைக் கவனித்து எழுதினார். அதனால் இடதுசாரி வரலாற்றில் பம்பாய்க்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது. நாலு மாதம் முந்திய தூத்துக்குடிக்குத் தரை டிக்கெட். நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. 1908ஐ எடுத்தால் கப்பல், செக்கு, நாற்பது ஆண்டு தண்டனை என்று ஒரு மனிதரின் தியாகக் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறோம். அரசாங்கம் அதைக் கலவரம் என்றது, நாம் திருத்தி எழுச்சி என்கிறோம், சரி. ஆனால் அதற்குள் ஒரு வேலைநிறுத்தம் இருந்ததைச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாததால்தான் அது கண்ணிலும் படவில்லை என்பது என் சந்தேகம்.

இன்னொன்று, 1913இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால். அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாத கூலிகள்மேல் போட்ட மூன்று பவுன் வரிதான் விஷயம். காந்தி கூப்பிட்டது சுரங்கத் தொழிலாளரை. அவரைப் பிடித்து உள்ளே வைத்த பிறகுதான் அது கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கும் டர்பனுக்கும் போய்ப் பெரிதானது. யாரும் கூப்பிடவில்லை, யாரையும் கேட்கவில்லை. அவர்களில் ஏராளமானோர் தமிழ் பேசியவர்கள். அடுத்த ஆண்டு வரி போனது. வரி என்பது கூலி விவகாரமா, அரசியலா? இரண்டும்தான், அதனால்தான் இந்தச் சொல் வேண்டியிருக்கிறது.

1946இல் பம்பாயில் இந்திய மாலுமிகள் நடத்திய கடற்படை எழுச்சியும் அப்படியே. மோசமான சாப்பாட்டில் தொடங்கி ஆலைத் தெருவரை போனது. மாலுமிகள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயரில் வேலைநிறுத்தம்தான் இருந்தது. கலகம் என்றது வெள்ளைக்காரன்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ஹர்த்தால், பந்த், முழு அடைப்பு மூன்றும் மேலிருந்து அறிவிப்பவை, சாயங்காலம் ஆறு மணிக்கு முடிபவை, ஆகாது. ‘தொற்று வேலைநிறுத்தம்’ என்று ஒரு தோழர் எழுதியிருந்தார். கருத்து சரி, ஆனால் கொரோனாவுக்கு அப்புறம் அந்தச் சொல்லைக் கேட்டால் கை தானாக முகக்கவசத்தைத் தேடுகிறது.

என் பரிந்துரை: படர் வேலைநிறுத்தம்.

அம்மா பீடி சுற்றியவள். ஒரு பீடிக் கடையில் (பெயர் எதற்கு) இலையைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, எண்ணிக்கையில் மட்டும் ஆயிரத்துக்கு ஆயிரம் கேட்டார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஒரு நாள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். சங்கத்தார் வந்து சேரும் முன்னே அடுத்த தெருவிலும் தட்டு கவிழ்ந்திருந்தது, அங்கே கேட்டது இலையை அல்ல, பாஸ்புத்தகத்தை. “படந்துட்டுல்லா” என்றாள் அம்மா. ஓலைவேலியில் தீ பிடித்தாலும் அதே வார்த்தைதான், பீர்க்கு கூரையில் ஏறினாலும் அதே வார்த்தைதான்.

இலக்கணமும் ஒத்துழைக்கிறது. ‘படர் வேலைநிறுத்தம்’ வினைத்தொகை. படர்ந்த, படர்கிற, படரும் என்று மூன்று காலத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். ரோசா பத்தாண்டு அலையை ஒரே சொல்லில் அடக்கப் பார்த்தார், நமக்கு அந்தப் பாதி வேலையைத் தொல்காப்பியர் காலத்திலேயே முடித்து வைத்திருக்கிறார்கள்.

சண்டைக்கு வரலாம்.

---

தம்பிக்கு,

விளக்கம் பிடித்தது, சொல் பாதிதான் பிடித்தது. ஒன்று, படர்தாமரை. அதை நீ எழுதாமல் விட்டது தற்செயல் என்று நான் நம்பவில்லை. இரண்டு, படர் என்றால் பழந்தமிழில் நினைந்து வருந்துவது. குறளில் ‘படர்மெலிந்திரங்கல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு, காதலன் பிரிவில் மெலிந்து அழுகிறவளுக்கு. மூன்று, வினைத்தொகைதான் வேண்டும் என்றால் ‘திரள் வேலைநிறுத்தம்’ என்று வை. திரண்ட, திரள்கிற, திரளும். ‘மாஸ்’ என்பதற்கும் திரள் நேராகப் பொருந்தும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

---

அண்ணாச்சி,

படர்தாமரையை வேண்டுமென்றேதான் விட்டேன், பிடித்துவிட்டீர்கள். ஆனால் முதலாளி பக்கமிருந்து பார்த்தால் அந்த உவமையிலும் தப்பில்லை.

குறளுக்குப் பதில் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. ஒன்று மட்டும்: இன்றைக்குப் பாளை மார்க்கெட்டில் நின்று படர் என்றால் கொடியும் தீயும்தான் கேட்கிறவர் மனதில் வரும்.

‘திரள்’ நல்ல சொல், இரண்டு நாள் அதையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் திரளுவது என்றால் ஓரிடத்தில் கூடுவது. வெண்ணெய் திரளும், கூட்டம் திரளும். 1908இல் அந்த நாவிதர் எங்கேயும் போய்க் கூடவில்லை, தன் கடையிலிருந்தே எழுந்து போனார். நேட்டால் தோட்டக்காரர்கள் சுரங்கக்காரர்களைக் கண்ணால் பார்த்திருப்பார்களோ என்னவோ. கூடாமலே ஒன்றானது என்பதுதான் இதன் விசேஷம். ஆகவே முதல் சொல்லாகப் படர், அடைப்புக்குள் திரள். எட்டயபுரத்துக்காரர் பாரதி ‘மெம்பர்’ என்பதற்கு அரைமணி நேரம் யோசித்து, உறுப்பாளி வரைக்கும் வந்துவிட்டு, கடைசியில் மெம்பர் என்றே எழுதினார். அப்புறம் பொதுஜனம் உறுப்பினரில் போய் நின்றது. நம் இரண்டில் எது நிற்கும் என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இடைவெளி விட்டே எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் ‘படர்வேலை – நிறுத்தம்’ என்று பிரித்துப் படித்து, படர்கிற வேலையை எவனோ நிறுத்துகிறான் என்று ஆகிவிடும். நேற்று என் மருமகள் அப்படித்தான் படித்தாள்.

பட்டியலில் அடுத்தது 1917 ரஷ்யப் புரட்சியின் ‘டூயல் பவர்’, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு அதிகாரங்கள் எதிரெதிரே நின்ற நிலை. ‘இரட்டை ஆட்சி’ என்று யாரும் அவசரப்பட்டு எழுதிவிட வேண்டாம். அதை 1919 மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்கு எப்போதோ கொடுத்தாயிற்று.